ஏழு பேர்ச்சஸ் சரிவில் ஓர் ஆண்டு

தை

பொங்கலுக்கு மறுநாள் கோடு போட்ட கொப்பியொன்றை விரித்து என் பட்டறையின் முதல் படத்தை வரைந்தேன். 12 அடி அகலம், 16 அடி நீளம். இடம், காணியின் கீழ் விளிம்பு. அங்கே நின்றால் கிரேட் வெஸ்டர்ன் மலை முழுதாகத் தெரியும். வட்டகொடையைத் தாண்டி நானுஓயாப் பக்கம் ஏறும் ரயிலின் சத்தம் முதலில் அங்குதான் கேட்கும். காலை வெயில் விழும் பக்கம் ஜன்னல், ஜன்னலோரம் வேலை மேசை. உளிகளும் வாள்களும் சீவுளியும் இத்தனை வருடமாகக் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் கிடக்கின்றன. மற்றவர் வீட்டு ஸ்தோப்பிலும் பாதி கட்டிய மண்டபங்களிலும் வைத்துத்தான் நான் மரம் இழைத்திருக்கிறேன். இன்று ஆணியில் மாட்டிய உளி நாளைக்கும் அதே ஆணியில் இருக்கும் இடமொன்று எனக்கு வேண்டும்.

சாயந்தரம் கீழ்வீட்டு அக்கா வேலியோரம் நின்றார். சொன்னேன்.

“பட்டறை போடப் போறேன்கா. இந்தா, இந்த ஓரத்துல.”

“போடு தம்பி. நல்லதுதான். மழைக்குத் தண்ணி எங்க போகும்?”

அவர் குறையாகக் கேட்கவில்லை. என் கீழ் விளிம்பிலிருந்து ஏழெட்டு அடி கீழேதான் அவருடைய அடுப்படி. எனக்குப் பதில் தெரியவில்லை. இரவு கொப்பியில் படத்துக்கு மேலே அந்தக் கேள்வியை எழுதி வைத்தேன். இந்த வருடம் ஒரு கல்லும் வைக்கப் போவதில்லை. ஒரு முழு மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான்.

மாசி

அளந்தேன்.

ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். ஏழு பேர்ச்சஸ் 1,906 சதுர அடிக்குச் சற்றே குறைவு. என் காணி 38 அடி அகலம், மேலிருந்து கீழே மட்டமாக அளந்தால் 50 அடி. அந்த 50 அடிக்குள் நிலம் 15 அடி இறங்குகிறது. நூற்றுக்கு முப்பது இறக்கம். தேயிலை மலையில் பிறந்த காலுக்கு இது பெரிய சரிவே இல்லை. சீமெந்துக்கும் தண்ணீருக்கும் இது சரிவுதான்.

நடுவில் வீடு, 550 சதுர அடி. அதற்காக மலையை 26 அடி உள்ளே வெட்டி மட்டமாக்கியிருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கிட்டத்தட்ட எட்டடி உயரத்துக்குச் செம்மண் சுவர்போல நிற்கிறது. வெட்டிய மண் எங்கே போனது என்று இன்றுதான் யோசித்தேன். என் பட்டறைக்கு நான் பார்த்து வைத்த அந்த அழகான கீழ்மேடைதான் அது. மலை செய்த மேடை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

இந்த அளவுகளை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது, வயதினால் அல்ல. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த எங்கள் ஆட்களுக்கு இந்த மலைகளில் அளக்கச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் இந்த வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. அவர் எழுதிய நாவல் ஒன்றின் பெயர் ‘வீடற்றவன்’. நான் சின்ன வயதில் அந்தத் தலைப்பைப் பார்த்துத் திகைத்திருக்கிறேன், நம் லயத்து ஆட்கள் எல்லோருக்கும் பொருந்தும் பெயரை ஒரு புத்தகத்துக்கு வைத்துவிட்டாரே என்று.

இப்போது எனக்குக் காணி உறுதி இருக்கிறது. அதில் நான்கு எல்லைகள் எழுதியிருக்கின்றன. கீழ் எல்லையில் எழுதியிருப்பது அக்காவின் காணி இலக்கம்.

பங்குனி

அப்பா தோட்டத்தில் மழைத் தண்ணீருக்குக் கான் வெட்டியவர். காலையில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு மம்பட்டியும் அலவாங்குமாக மலையேறிவிடுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் தேத்தண்ணி கொண்டு போவேன். கான் நேராக இறங்கக்கூடாது, சரிவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு படுத்த மாதிரிப் போக வேண்டும் என்பார். நூற்றிருபது அடி நடந்தால் ஓர் அடிதான் இறங்கலாம். தண்ணீர் நடக்க வேண்டும், ஓடக்கூடாது.

இன்னொன்றும் செய்வார். கானின் அடியை ஒரே சீராக வெட்டமாட்டார். இடையிடையே கொஞ்சம் மண்ணை வெட்டாமல் தடுப்பாக விடுவார். தடுப்புக்கும் தடுப்புக்கும் நடுவில் ஒரு குழி. மழைத் தண்ணீர் குழியில் தங்கி, கொண்டுவந்த மண்ணை அங்கே இறக்கிவிட்டு, தடுப்புக்கு மேலால் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். மழை முடிந்ததும் குழியில் சேர்ந்த மண்ணை அள்ளிக் கானின் மேற்பக்கம் போடுவார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் மேல்மண்ணை இந்த வகைக் கான்கள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் தொடங்கியது. மண் பாதுகாப்பு பற்றி அங்குள்ளவர்கள் எழுதியும் சொல்லியும் வருவதை அப்பா போன்றவர்கள் மம்பட்டியால் மலையில் எழுதினார்கள்.

மூன்று மரச்சட்டங்களை அடித்து அப்பா சொல்லித் தந்த மட்டச்சட்டம் ஒன்று செய்தேன். இரண்டு கால், நடுவே குறுக்குச் சட்டம், உச்சியிலிருந்து நூலில் கட்டிய கல். இரண்டு காலையும் இரண்டு முளையில் வைத்து நூல் தொடும் இடத்தில் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுவில் நூல் நின்றால் கால்கள் ஒரே மட்டத்தில் நிற்கின்றன என்று பொருள். இதைத் தூக்கித் தூக்கி வைத்துக் காணியின் மேல் எல்லையில் ஒரு சமமட்டக் கோட்டைப் பிடித்தேன். 38 அடிக்கு நாலு அங்குலத்துக்கும் குறைவான இறக்கம் கொடுத்துக் கோட்டைக் கொஞ்சம் சாய்த்து முளை அடித்தேன்.

அப்பா வெட்டிய கான்கள் எல்லாம் பிறத்தியார் மலையில். இது அவருடைய மகன் தன் மலையில் வெட்டும் முதல் கான். சித்திரைக்கு முன் வெட்டி முடித்தேன். அன்று வேறெதையும் எழுதத் தோன்றவில்லை.

ஆனி

தென்மேற்கு மழை வந்துவிட்டது. படங்கைச் சுற்றிக்கொண்டு மழைக்குள்ளேயே காணியைச் சுற்றி நடக்கிறேன். வெயிலில் வரையும் படம் பாதிதான் உண்மை.

நேர்ச்சுவருள்ள பெரிய டின் ஒன்றை வெளியே திறந்த இடத்தில் வைத்திருக்கிறேன். காலை ஆறரைக்கு அடிமட்டத்தை விட்டுத் தண்ணீரின் உயரத்தை அளந்து கொப்பியில் எழுதுகிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் கணக்கு எளிது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இரு, 100 என்றால் கிளம்பத் தயாராகு, 150 என்றால் வெளியேறு. டின்னின் உட்பக்கம் ஆணியால் மூன்று கோடு கீறிவிட்டேன்.

வீட்டுக் கூரை 60 சதுர மீற்றர் வரும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். 100 மில்லிமீற்றர் பெய்தால் கூரையிலிருந்து மட்டும் 6,000 லீற்றர், ஆறு தொன் எடை. பீலி வைத்து 1,000 லீற்றர் தாங்கியில் பிடித்தால் போதும் என்று இருந்தேன். 17 மில்லிமீற்றர் மழைக்கே தாங்கி நிறைந்துவிடும். மிச்சம் ஐயாயிரம் லீற்றர் தாங்கியின் வாயிலிருந்து ஒரே இடத்தில் கொட்டும். தாங்கி நல்லது. தாங்கி நிறைந்த பிறகு என்ன என்பதுதான் பட்டறைக்காரன் எழுத வேண்டிய கணக்கு. பட்டறைக்கும் கூரை உண்டல்லவா? நான் நிழலுக்காகப் போடும் ஒவ்வொரு தகரமும் மண் குடித்துக்கொண்டிருந்த மழையைப் பிடுங்கி வேறெங்கோ கொண்டுபோய்க் கொட்டுகிறது.

நாட்டுப் பக்கத்தில் குழி வெட்டித் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கு என்பார்கள். சமவெளிக்கு அது அருமையான புத்தி. இங்கே சரிவின் விளிம்பில் குழி வெட்டினால் மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், உள்ளே ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியும் தளரும். தண்ணீரைக் குறுக்கே நடத்தி, கல் போட்ட ஒரு வழியால் பொதுக்கானில் சேர்ப்பதுதான் இங்கே முறை.

இன்று 41 மில்லிமீற்றர். மேல்கானின் மூன்று குழியும் நிரம்பி, செம்மண் அடியில் தங்கி, மேலே தெளிந்த தண்ணீர் வழிந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆடி

காற்று. இரவெல்லாம் சவுக்கு மரங்கள் இரைகின்றன.

மரத்தைப் பற்றி எழுதுகிறேன், பட்டறைக்கு அதுவும் சேர்த்தி. தேயிலைக்கு நிழலுக்காக வைத்த சவுக்குதான் எங்கள் பக்கத்துத் தச்சனுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் மரம். கதவு, கட்டில், அலுமாரி எல்லாம் அதில்தான் செய்திருக்கிறேன். இந்த மாதங்களில் மூடுபனியும் தூறலும் மரத்துக்குள் ஏறிவிடும். ஆடியில் இறுக்கிப் பூட்டிய கதவு மாசி வெயிலில் சுருங்கி இடைவெளி காட்டும். ஆகவே பட்டறையில் மரம் தரையில் கிடக்கக்கூடாது. தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிய தாங்கிகள், பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரே கனத்தில் குச்சிகள், இரண்டு பக்கமும் காற்றுப் போக வழி. சுவர் கீழே மூன்று அடி கல், அதற்கு மேல் பலகை, கூரை தகரம். சரிவில் கட்டுவது எடை குறைந்ததாக இருக்கட்டும். மரத்தூளைக் கானில் தட்டக்கூடாது. சாக்கில் கட்டி வைத்தால் பசளைக் குழிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம்.

இன்னொன்றைக் கவனித்தேன். பலகை வருவது மேல் ரோட்டிலிருந்து. கீழ் விளிம்பில் பட்டறை என்றால் பத்தடிப் பலகையைத் தோளில் வைத்து நனைந்த படிகளில் வீட்டைச் சுற்றி இறங்க வேண்டும். எனக்கு 57 வயது. இன்னும் பத்து வருடத்துக்குப் பிறகு யார் இறக்குவது?

ஆவணி

மழை விட்ட நாட்களில் வெட்டிவேர் நாற்றுக்குச் சொல்லி வைத்தேன். ஒரு கொத்தைப் பிரித்தால் பத்துப் பன்னிரண்டு முளை வரும். சமமட்டக் கோட்டில் ஒரு சாணுக்கும் குறைந்த இடைவெளியில் நெருக்கி நட்டால் மேலே ஒரு வேலி, கீழே ஒரு சுவர். வேர் பக்கவாட்டில் பரவாமல் மூன்று மீற்றர் வரைகூட நேராக இறங்கும். ஓடிவரும் மண் இலைகளுக்குப் பின்னால் தங்கித் தங்கி, சில வருடத்தில் அந்த இடம் தானாகவே படியாகிவிடும். மண் காக்க இந்தப் புல்லை நடும் தேசங்கள் பலவற்றில் இதை நம் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்த பெயரால்தான் அழைக்கிறார்கள். வெட்டிவேர் உலகம் சுற்றிய சொல். எங்கள் வீட்டில் அது அம்மாவின் துணிப்பெட்டியில் இருந்த வாசம்.

தோட்டத்தில் பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடுமுன் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு மண்ணைத் தேற்றுவார்கள். ஒன்றரை, இரண்டு வருடம் அந்த மலையில் கொழுந்து இல்லை, வரும்படி இல்லை. மண் ஓய்வெடுக்கும். லாபம் பார்க்கும் கம்பனியே காத்திருக்கும்போது, நான் ஒரு வருடம் காத்திருப்பது பெரிய காரியமா?

வீட்டுக்காரிக்குக் கீழ்மேடையில் போஞ்சியும் லீக்ஸும் போட ஆசை. பாத்தியைக் குறுக்கே போடுவோம், மேலிருந்து கீழாக வேண்டாம் என்றேன். “உங்கப்பா பேச்சு அப்படியே வருது” என்றாள்.

ஐப்பசி

ஒக்டோபர் 29ஆம் திகதி. 2014இல் இதே நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்ட நேரம். பல பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்து என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது. போக வேறு நிலம் யாருக்கு இருந்தது? நிலமில்லாதவனுக்கு எச்சரிக்கை சொன்னால் அவன் எங்கே எழுந்து போவான்? விளக்கேற்றி வைத்தோம்.

மலை பேசும் அடையாளங்களைக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து அதிகாரிகள் ஊர்க் கூட்டங்களில் சொல்வதுண்டு. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன், பிள்ளைகள் படிக்கட்டும். தரையில் புதிய வெடிப்பு. நேராக நின்ற மரமோ தூணோ சாய்வது. இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது. இருந்த ஊற்று திடீரெனக் கலங்குவது அல்லது வற்றுவது. காரணமில்லாமல் கதவு இறுகுவது. கடைசியை ஒரு தச்சனாக இரண்டு முறை அடிக்கோடிட்டேன். கதவு இறுகினால் சீவுளியைத் தேடுமுன் வெளியே போய் நிலத்தைப் பார்.

கார்த்திகை

டித்வா புயல். நவம்பர் 27.

முதல்நாள் இரவே விடாமல் அடித்தது. டின் 75ஐத் தாண்டிய நேரம் அக்காவைக் கூப்பிட்டேன். 100ஐத் தொட்டதும் மூன்றாவது கோட்டுக்காகக் காத்திருக்கவில்லை. உறுதியையும் மருந்துகளையும் எடுத்துக்கொண்டு எங்கள் வரிசையில் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறினோம். தகரப் பெட்டியைத் தூக்கவில்லை. உளியை மறுபடி வாங்கலாம்.

நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலையக ரயில் பாதை மண்ணால் மூடுண்டும் அறுந்தும் கிடந்தது. 1885இல் நானுஓயா வரை வந்த பாதை. ரயில் சத்தம் இல்லாத வட்டகொடை எப்படி இருக்கும் என்று இந்த வயதில்தான் கேட்டேன்.

மார்கழி

திரும்பி வந்தபோது வீடு நின்றது. மேல்கான் ஒரு மூலையில் உடைந்திருந்தது. குழிகள் மூன்றும் மண்ணால் தட்டையாகியிருந்தன. அந்த மண் வீட்டுப் பின்சுவருக்கு வந்திருக்க வேண்டியது. கைகூப்பினேன், அப்பாவை நினைத்து.

கீழ்மேடையில், நான் தை மாதம் பட்டறை வரைந்த அதே இடத்தில், ஒரு வெடிப்பு. விரல் நுழையும் அகலம், பத்தடி நீளம், விளிம்புக்கு இணையாக. தள்ளிப் போட்ட மண் தன் கனத்தைத் தாங்காமல் கீழே பார்த்திருக்கிறது. அதன்மேல் கல் சுவரும் மரமும் இயந்திரமும் நானும் இருந்திருந்தால்? கீழே அக்காவின் அடுப்படி.

வெட்டிய தரை பழைய மலை. போட்ட தரை நேற்றைய மண். இதைச் சொல்ல எனக்கு ஓர் ஆண்டும் ஒரு புயலும் தேவைப்பட்டன.

அந்த அதிகாரிகளுக்குச் சொன்னேன், வந்து பார்த்தார்கள். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்காமல் களிமண் அடைத்து மூடச் சொன்னார்கள். இனி பட்டறைக்கும் அவர்களுடைய சிபாரிசு கிடைத்த பிறகுதான் பிரதேச சபைக்குப் படம் கொடுப்பேன்.

புதிய பக்கம் புரட்டி மறுபடி வரைந்தேன். வீட்டுக்குப் பக்கவாட்டில், வெட்டிய மட்டத்தில், 13 அடி அகலத்தில் ஒரு துண்டு இருக்கிறது. மூன்று அடி கானுக்கு. மிச்சம் பத்தடி. பின்னால் நிற்கும் மண்சுவரிலிருந்து தள்ளி, ஆட்கள் நடக்கவும் சேறு அள்ளவும் இடம் விட்டால் நீளம் பன்னிரண்டு அடி. மேல் ரோட்டிலிருந்து பலகை நேராக வாசலுக்கு வரும். மலை தெரியாது. காலை வெயில் கொஞ்ச நேரம் வரும், அது போதும்.

அளவை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு. நான் பிறந்த லயக் காம்பராவின் அளவு. அதற்குள் ஏழு பேர் படுத்தோம், அங்கேயே சமைத்தோம், அங்கேயே பாட்டி இறந்தார். அந்த அளவை யாரோ எங்களுக்காக முடிவு செய்தார்கள். இதை நான் மம்பட்டியும் மட்டச்சட்டமும் டின்னும் வைத்து, மலையையும் கீழ்வீட்டையும் கேட்டு முடிவு செய்திருக்கிறேன். ஒரு மனிதனும் அவன் உளிகளும் இருக்கப் பத்தடிக் காம்பரா தாராளம்.

தை

கீழ்மேடையில் இனி எடை எதுவும் ஏறாது. மேல் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்துச் சரிவைத் தணித்து, மூன்று வரிசை வெட்டிவேர் நட்டிருக்கிறோம். வரிசைகளுக்கு நடுவில் புல் மட்டும். போஞ்சிப் பாத்தியை வீட்டுக்காரி முன்வாசலுக்கு மாற்றிவிட்டாள். மேல்கானின் உடைந்த மூலையைக் கல் அடுக்கிக் கட்டினேன். பக்கவாட்டுக் கான் அங்கிருந்து இறங்குகிறது, படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் தட்டைக் கல், தண்ணீர் விழுந்து மண்ணைத் தோண்டாதபடி. கூரைத் தண்ணீரும் தாங்கியின் வழிசலும் அதில் சேரும். கீழ் எல்லையில் அது அக்காவின் வேலிக்கு வெளியே திரும்பிப் பொதுக்கானுக்குப் போகிறது.

பொங்கல் பானையை இறக்கிய பிறகு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மேலே முதல் குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். இருவரும் அதோடு நடந்தோம். குழியில் தேங்கி, தடுப்பில் வழிந்து, மூலையில் திரும்பி, கல்லிலிருந்து கல்லுக்கு இறங்கியது. பட்டறைக்கு முளையடித்த நாலு மூலையையும் கடந்தோம். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார், தண்ணீரும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் வந்தது. வேலியோரம் திரும்பும் இடத்தில் நின்று பார்த்தார். அங்கே கானின் வளைவில் ஒரு கல் ஆடியது. குனிந்து அதைத் திருப்பி, தட்டைப் பக்கம் மேலே வரும்படி வைத்து, காலால் அழுத்தினார்.

“சரி தம்பி” என்றார். “இனி சுவரைத் தூக்கு.”